பலெர்மோவில் நின்றுகொண்டே சாப்பிட்டது

மதுரைக்காரனுக்குச் சுவரொட்டி புதிதில்லை. ஆட்டு மண்ணீரலை வதக்கி, மிளகு தூக்கலாகப் போட்டு, "ரத்தம் ஊறும், சாப்பிடு" என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். அதையே பன்னுக்குள் வைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, காகிதத்தில் சுற்றிக் கையில் திணித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடும் ஊர் ஒன்று ஐரோப்பாவில் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. சிசிலித் தீவில் இருக்கிறது. பலெர்மோ.

மகள் அங்கே முதுகலை படிக்கிறாள். 2024 மார்ச்சில் நானும் என் மனைவியும் போய்ப் பதினெட்டு நாள் தங்கினோம். சாப்பாட்டைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், எங்கள் அம்மா சிம்மக்கல்லில் இருபத்திரண்டு வருஷம் மெஸ் நடத்தினார். நான் அங்கே இலை எடுத்திருக்கிறேன், கணக்கு எழுதியிருக்கிறேன், எண்ணெய் டின் சுமந்திருக்கிறேன். அதனால் எந்தக் கடைக்குப் போனாலும் தட்டைப் பார்ப்பதற்கு முன்னால் எண்ணெயைப் பார்க்கும் புத்தி வந்துவிட்டது. என் மனைவி சைவம். கேக்கில் இருக்கும் முட்டையை மட்டும் கண்டுகொள்ளமாட்டாள். இந்த இரண்டு பேரும் ஒரே கடையில் வயிறு நிறைந்து வெளியே வரவேண்டும் என்பதுதான் பதினெட்டு நாளும் எங்கள் பிரச்சினை.

முதல் பாடம் முதல் காலையிலேயே கிடைத்தது. காபிக் கடையில் நாற்காலியை இழுத்தேன். "உக்காராதீங்கப்பா" என்றாள் மகள். கவுண்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. காபி ஒன்றுதான், கப் ஒன்றுதான். பல கடைகளில் முதலில் கல்லாவில் காசு கட்டி, அந்தச் சீட்டைக் கவுண்டரில் காட்டவேண்டும். நம் ஊர் டோக்கன் முறைதான். ஊரை விட்டுக் கிளம்பும்போது கணக்குப் போட்டுப் பார்த்தால், காபி மட்டுமில்லை, சாப்பாட்டிலும் நின்று சாப்பிட்டது பெரும்பாலும் நன்றாக இருந்தது, உட்கார்ந்து சாப்பிட்டதில் ஒன்றே ஒன்றுதான் தேறியது.

தேறாததை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நாள் ராத்திரி, சுற்றுலாக்காரர்கள் நடக்கும் பெரிய தெரு ஒன்றில், வாசலில் நின்று ஆங்கிலத்தில் கூப்பிட்ட ஒருவரை நம்பி உள்ளே போனோம். பெயர் வேண்டாம். மெனுவில் எல்லாவற்றுக்கும் படம். மீன் கேட்டேன். ஐஸ் தட்டில் ஒன்றைக் காட்டினார், நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினேன். மெனுவில் அதற்கு நேரே 6.50 யூரோ என்று போட்டிருந்தது. பரவாயில்லையே என்று நினைத்தேன். அந்த விலைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'எத்தோ' என்று இருந்ததை நான் பார்க்கவில்லை. எத்தோ என்றால் நூறு கிராம். மீன் எழுநூறு கிராம். பில்லில் மீனுக்கு மட்டும் 45.50. யூரோவுக்குத் தொண்ணூறு ரூபாய் என்று மனசுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு, முள்ளைக்கூட விடாமல் சப்பினேன். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, எழுதித்தான் வைத்திருந்தார். மீனும் பழசில்லை, ஆனால் அடுப்பில் மறந்துவிட்டார்கள். என் மனைவிக்கு வந்த கத்தரிக்காய் நடுவில் ஜில்லென்று இருந்தது.

மறுநாள் காலை பல்லாரோ சந்தைக்குப் போனோம். நார்மன் அரண்மனைக்குப் பக்கத்தில், அல்பர்கேரியா என்ற பழைய பேட்டைக்குள் நெளிந்து நெளிந்து போகும் சந்தை. 831-இல் அரபியர்கள் பலெர்மோவைப் பிடித்தார்கள், 1072-இல் நார்மன்காரர்கள் அவர்களிடமிருந்து பிடித்தார்கள். அவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். வியாபாரிகள் இழுத்து இழுத்துக் கூவுகிற கூவல் மட்டும் அரபுக் கடைத்தெருவை ஞாபகப்படுத்துவதாக அந்த ஊர்க்காரர்களே சொல்கிறார்கள். எனக்கு மாட்டுத்தாவணிக் காய்கறி மார்க்கெட் ஞாபகம் வந்தது.

சந்தையின் ஒரு முக்கில் பெயர்ப்பலகை இல்லாத பொரியல் கடை. மொத்தமே ஆறடி அகலம். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நாற்பது வயசுக்காரர் ஒருவர், பின்னால் அவருடைய அம்மாவாக இருக்கவேண்டும், ஒரு பாட்டி. அங்கே போடுவது பனெல்லே. கடலை மாவு. நம் பஜ்ஜியில் எது மேல்சட்டையோ, அது இங்கே ஆளாகவே வருகிறது. கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்புப் போட்டு, அடுப்பில் வைத்து, கட்டி தட்டாமல் கிண்டிக்கொண்டே இருக்கவேண்டும். நம் களி கிண்டுகிற அதே கை, அதே தோள் வலி. இறக்கும் நேரத்தில் பொடியாக நறுக்கிய பார்ஸ்லிக் கீரை. சூடு ஆறுவதற்குள் பாட்டி அந்தக் களியைப் பீங்கான் தட்டுகளின் மேல் கரண்டியின் முதுகால் இழுத்து மெழுகினார். தபால் அட்டையைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். ஆறியதும் ஓரத்தில் விரலை விட்டு ஒரே இழுப்பு. முழுசாக உரிந்து வந்தது. நாலாக வெட்டி மகன் பக்கம் தள்ளினார். தட்டைக் கழுவவில்லை, துடைக்கவில்லை, அடுத்த கரண்டியை அதன்மேலேயே மெழுகினார். ஒட்டவில்லை. நான் பத்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வரிசையில் இருந்தவர்கள் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

மகன் ஒரு ஈடுக்கு எட்டுத் துண்டுதான் போட்டார். சட்டியில் இருபது கொள்ளும். வாசலில் பத்துப் பேர் நின்றும் அவர் அவசரப்படவில்லை. முன்கூட்டியே போட்டுக் குவித்து வைக்கவும் இல்லை. அம்மாவின் மெஸ்ஸில் வடைக்கு இதே சட்டம் இருந்தது, அதனால் அந்த இடத்திலேயே மார்க் போட்டுவிட்டேன். வெந்ததை எடுத்து, உப்புத் தூவி, எள் ஒட்டிய ரொட்டியைப் பிளந்து உள்ளே அடுக்கி, எலுமிச்சையைப் பிழிந்து கொடுத்தார். மூன்று யூரோ. வெளியே அப்பளம், உள்ளே களி. காரம் கிடையாது, பெருங்காயம் கிடையாது, தொட்டுக்க எதுவும் கிடையாது. முதல் கடியில் ஏதோ குறைகிறதே என்று தோன்றும். மூன்றாவது கடியில் எலுமிச்சையும் உப்பும் கடலை மாவும் ஒன்று சேர்ந்து, இதற்குமேல் எதுவும் போடக்கூடாது என்று புரியும்.

கூடவே கட்ஸில்லி என்று உருளைக்கிழங்கு உருண்டை. மேலே மாவு கிடையாது, வெறும் கிழங்கையே விரல்போல உருட்டிப் பொரிக்கிறார்கள். உள்ளே புதினா. அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று மகளிடம் கேட்டேன். சொல்லமாட்டேன் என்றாள். எனக்குப் பின்னால் நின்றவர் குலுங்கிச் சிரித்துவிட்டு என் காதில் தமிழில் சொன்னார். நானும் எழுதப்போவதில்லை.

ஆமாம், தமிழில். பலெர்மோவில் 1980-களிலிருந்தே ஈழத்தமிழர்கள் இருக்கிறார்கள். இவர் யாழ்ப்பாணத்துப் பக்கம். இருபது வருஷத்துக்கு மேலாக அங்கே சமையலறைகளில் வேலை.

"அண்ணை, நீங்கள் இந்தியாவோ?"

"மதுரை."

"இது காலமை வந்து சாப்பிட வேணும் அண்ணை. பின்னேரம் வந்தா எண்ணெய் கறுத்துப்போயிடும்."

என்னைப் போலவே எண்ணெயைப் பார்க்கிற ஆள். மீன் பில் கதையைச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. படம் போட்ட மெனு, வாசலில் நின்று கூப்பிடுகிற ஆள், இந்த இரண்டையும் கண்டால் "உள்ளுக்குப் போகாதேங்கோ" என்றார். இன்னொன்றும் சொன்னார். மெனுவில் சில சாப்பாட்டுக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு நட்சத்திரம் இருக்கும். அடியில் பொடி எழுத்தில் விளக்கம் இருக்கும், அந்தப் பொருள் ஃப்ரீசரிலிருந்து வந்தது என்று. முந்தின நாள் மெனுவை மகள் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். பெரிதாக்கிப் பார்த்தோம். வானம் மாதிரி இருந்தது.

இந்தப் பொரியல் கடைக்கு நாங்கள் மொத்தம் ஏழு தடவை போனோம். என் மனைவி அங்கே ரஸ்கத்தூரே என்று ஒன்றைக் கண்டுபிடித்தாள். பனெல்லே கிண்டிய பாத்திரத்தில் ஒட்டியதையும் கிழங்கில் மிஞ்சியதையும் வழித்துச் சேர்த்து உருட்டிப் பொரிப்பது. பெயருக்கே வழித்தது என்றுதான் அர்த்தம். பாத்திரம் வழித்ததை விலைக்கு விற்கும் தைரியம் எங்கள் அம்மாவுக்கு இல்லை, அதை எங்களுக்குத்தான் கொடுப்பார். மொறுமொறுவென்று ஓரமும் வழவழப்பான நடுவுமாக, பனெல்லேவைவிட இது எனக்கு ஒரு படி மேல். எல்லா நாளும் கிடைக்காது. பாட்டி தலையை ஆட்டினால் இருக்கிறது.

சரி, சுவரொட்டிக்கு வருகிறேன். அதற்கு அந்த ஊர்ப் பெயர் பானி கா மேவுசா. மாட்டு மண்ணீரல், கூடவே நுரையீரல். வேகவைத்து ஆறவிட்டு, மெல்லிசாகச் சீவி, பன்றிக் கொழுப்பில் சூடாக்குகிறார்கள். மாடும் பன்றியும் ஆகாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். முன்காலத்தில் பலெர்மோவில் இருந்த யூதக் கசாப்புக்காரர்கள் அறுப்புக்குக் கூலியாகப் பணம் வாங்கக்கூடாது என்பதால் உள்ளுறுப்புகளை எடுத்துக்கொண்டு, அதை விற்றுக் காசாக்கினார்கள், அப்படி வந்ததுதான் இது என்று சொல்கிறார்கள். 1492-இல் ஸ்பெயின் அரசாணை வந்து யூதர்கள் சிசிலியை விட்டே வெளியேற்றப்பட்டார்கள். பன்னில் கொழுப்பும் பாலாடைக்கட்டியும் அதற்குப் பிறகு சேர்ந்திருக்கவேண்டும், யூதச் சமையலில் பன்றிக்கும் இடமில்லை, கறியோடு பாலாடைக்கட்டிக்கும் இடமில்லையே.

லா காலா என்ற பழைய துறைமுகத்தின் ஓரத்தில் போர்த்தா கர்போனே என்று ஒரு கடை. எதிரே பாய்மரப் படகுகள். சட்டியைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். மேட்டில் மண்ணீரல் துண்டுகள் குவியலாக, பள்ளத்தில் கொழுப்பு கொதித்துக்கொண்டு. ஆர்டர் வந்ததும் நீளமான முள்கரண்டியால் கொஞ்சத்தைப் பள்ளத்துக்கு இழுக்கிறார், ஒரு முக்கு, திரும்ப மேலே. பன்னுக்குள் வைத்து, பன்னையே சட்டி ஓரத்தில் அழுத்தி மிச்சக் கொழுப்பைப் பிழிந்து விடுகிறார். அந்த அழுத்தம்தான் சூட்சுமம், அது இல்லையென்றால் பாதி வழியில் முழங்கை வரை ஒழுகும். அப்புறம் ஒரு கேள்வி: ஸ்கியெத்தாவா, மரித்தாத்தாவா? முதலாவது கன்னி, இரண்டாவது கல்யாணமானது. கன்னி என்றால் எலுமிச்சை மட்டும். கல்யாணமானது என்றால் மேலே துருவிய காச்சோகவால்லோ சீஸ் அல்லது ரிக்கோத்தா சீஸ். நான் கன்னியை எடுத்தேன். இரும்பு வாசனையும் எலுமிச்சைப் புளிப்பும் எனக்குப் பழக்கப்பட்டது, சீஸ் போட்டால் அந்த வாசனை அமுங்கிவிடும். மிளகுப்பொடி மட்டும் இருந்திருந்தால் கண்ணில் நீர் வந்திருக்கும். மறுநாள் மகளைக் கேட்டு ஒரு பொட்டலம் மிளகை எடுத்துக்கொண்டே போனேன். கடைக்காரர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நுரையீரல் துண்டுதான் எனக்குப் பிடிக்கவில்லை, ஸ்பஞ்சைக் கடிப்பதுபோல் இருக்கிறது.

இதே பன்னுக்கு ஊரிலேயே பெயர்போன கடை, சான் பிரான்செஸ்கோ தேவாலயத்துக்கு எதிரே நாங்கள் போனபோது இருந்த அந்தீக்கா ஃபொகச்செரியா சான் பிரான்செஸ்கோ. 1834-இல் தொடங்கியது. அங்கே நான் போனதற்குப் பன் மட்டும் காரணமில்லை. 2005-இல் மாஃபியா இந்தக் கடையில் மாமூல் கேட்டது. உரிமையாளர் புகார் கொடுத்து, பிறகு நீதிமன்றத்தில் ஆளை நேருக்கு நேர் அடையாளம் காட்டினார். போலீஸ் பாதுகாப்போடு வாழவேண்டியதாயிற்று. அந்த ஊரில் இதன் கனம் தெரியவேண்டுமென்றால், 1991-இல் லிபெரோ கிராஸி என்ற துணி ஆலைக்காரர் மாமூல் தரமாட்டேன் என்று பத்திரிகையிலேயே எழுதியதற்காகச் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தெரிந்துகொள்ளவேண்டும். 2004-இல் சில இளைஞர்கள் ஒரே ராத்திரியில் ஊர் முழுக்க ஒரு ஸ்டிக்கரை ஒட்டினார்கள். மாமூல் கட்டும் மக்கள் மானமில்லாத மக்கள் என்பது அதன் சாரம். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஆதியோபிட்ஸோ அமைப்பு. மாமூல் தராத கடைகள் அந்த அமைப்பின் ஸ்டிக்கரைக் கண்ணாடியில் ஒட்டிவைக்கின்றன. எங்கே சாப்பிடுவது என்று தெருவில் திணறும்போதெல்லாம் நாங்கள் அதைத் தேடினோம். மெஸ் நடத்திய வீட்டுப் பிள்ளைக்கு, முதல் தேதி வந்தால் மாமூலுக்காகக் கல்லாவுக்கு முன்னால் கைநீட்டிக் காத்திருப்பவர்களின் முகம் மறக்காது.

தெருவில் வாங்கிய மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். ஸ்டிக்கியோலா: ஆட்டுக் குடலை வெங்காயத்தாளைச் சுற்றிச் சுருட்டிக் கரியில் வாட்டுவது. புகை எங்கே எழுகிறதோ அங்கே போனால் போதும். வாசனை அற்புதம், வாயில் ரப்பர். குடலை எங்கள் ஊர்க்காரர்கள் இதைவிட நன்றாகச் செய்கிறார்கள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அரஞ்சினா: குங்குமப்பூச் சோற்றை உருட்டி, உள்ளே கறி வைத்துப் பொரித்தது. பலெர்மோவில் இது பெண்பால், கிழக்கே கத்தானியாவில் அரஞ்சினோ என்று ஆண்பால், இதற்கு இரண்டு ஊரும் சண்டை போடும். வெண்ணெய் அரஞ்சினா என்ற பெயரைப் பார்த்துச் சைவம் என்று வாங்கிவிடாதீர்கள், உள்ளே பன்றித்தொடை இருக்கிறது. கீரை போட்டது என்று கேட்டு வாங்கவேண்டும். ஒன்று சாப்பிட்டால் மத்தியானச் சாப்பாடு வேண்டாம்.

ஸ்ஃபிஞ்சோனே என்று ஒரு தடிமனான ரொட்டி, மேலே தக்காளி, வெங்காயம், ரொட்டித்தூள். பியாஜியோ ஆப்பேயில் வைத்து விற்கிறார்கள். நம் ஊரில் சிமெண்டு மூட்டை ஏற்றும் அதே மூன்று சக்கர வண்டிதான். ஒலிபெருக்கியில் ஒரு பதிவு ஓடிக்கொண்டே இருக்கும். மகள் மொழிபெயர்த்தாள்: "எண்ணெய் கம்மி, புழுதி நிறைய!" சொந்தச் சரக்கை இப்படி விளம்பரம் செய்யும் வியாபாரியை நான் கண்டதில்லை. வாங்காமல் இருக்க முடியுமா? மனைவி பாதி சாப்பிட்ட பிறகுதான் தக்காளிக்குள் கரைந்திருந்த நெத்திலி மாதிரி மீன் தெரிந்தது. மீதியை எனக்குக் கொடுத்துவிட்டு, சாலையோரக் கடையில் சோம்புச் சாறு சில சொட்டு விட்ட ஜில் தண்ணீரை வாங்கி வாய் கொப்பளித்தாள். அந்தச் சோம்புத் தண்ணீர் பிடித்துப்போய், அப்புறம் தினமும் குடித்தாள்.

இந்த நெத்திலிதான் அந்த ஊரில் சைவர்களின் முதல் எதிரி. கண்ணுக்குத் தெரியாது. நாம் தாளிப்பில் பெருங்காயம் போடுவதுபோல் அவர்கள் எண்ணெயில் ஒன்றிரண்டைக் கரைத்துவிடுகிறார்கள். கறி இல்லாத சாப்பாடு என்று கேட்டால் ஆமாம் என்பார்கள், அவர்கள் கணக்கில் அது உண்மை. "அச்சியூகா இருக்கிறதா?" என்று அந்தப் பெயரைச் சொல்லியே கேட்கவேண்டும்.

இப்படி எல்லா இடத்திலும் நாமே கேட்கவேண்டியிருந்ததால்தான் உட்கார்ந்து சாப்பிட்டதில் தேறிய அந்த ஒரு கடை எங்களுக்கு உண்மையாகவே பிடித்தது. கப்போ சந்தைக்குப் பின்னால் ஒரு சந்து. ஏழு மேசை. மெனு அட்டை கிடையாது, அன்றைக்கு என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் கையால் எழுதி, மேசைக்கு மேசை எடுத்து வருகிறார் ஒரு அம்மா. மத்தியானம் ஒரு மணிக்குப் போனால் சந்தைக்காரர்கள், பக்கத்து அலுவலகத்துக்காரர்கள். இரண்டரைக்குப் பிறகு போனால் நாற்காலி மேசைமேல் ஏறியிருக்கும். மெஸ் நேரம்தான், எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

நாங்கள் போனது மார்ச் 19, புனித சூசையப்பர் நாள். முந்தின ராத்திரி தெருவுக்குத் தெரு பழைய கட்டில், கதவு எல்லாம் போட்டுக் கொளுத்தியிருந்தார்கள். எங்கள் வீட்டுப் பக்கம் காலையிலும் சாம்பல். போகிதான். அந்தக் காலம்தான் மத்தி மீனுக்கும் காட்டுச் சோம்புக்கீரைக்கும் பருவம். எனவே பாஸ்தா கொன் லே சார்தே கேட்டேன். உள்ளே துளையுள்ள தடித்த நூல் பாஸ்தா. சோம்புக்கீரை வெந்த அதே தண்ணீரில் பாஸ்தாவை வேகவைப்பதால் பச்சை வாசனை உள்ளேயே ஏறியிருந்தது. மத்தி மீன் உதிர்ந்து மசாலாபோல் ஆகியிருந்தது. நடுநடுவே குட்டி உலர்திராட்சை, பைன் கொட்டை, கொஞ்சம் குங்குமப்பூ. மீனோடு திராட்சையா என்று யோசித்துக்கொண்டேதான் முதல் வாய் வைத்தேன். மீனின் எண்ணெய்ப்பசையைச் சோம்பு அறுக்கிறது, உப்பைத் திராட்சை தணிக்கிறது. மேலே சீஸ் தூவலாமா என்று சைகையில் கேட்டேன். அந்த அம்மா என் தட்டுக்கு மேலே கையை வைத்து மறைத்துவிட்டார். சீஸுக்குப் பதில் வறுத்த ரொட்டித்தூள். சீஸ் வாங்கக் காசில்லாதவர்கள் கண்டுபிடித்ததாம். இப்போது காசிருப்பவர்களும் அதையேதான் கேட்கிறார்கள்.

என் மனைவிக்காக மகள், "மத்தி இல்லாமல் கிடைக்குமா?" என்று கேட்டாள். கிடைக்கும், அதற்குப் பெயரே இருக்கிறது என்றார் அந்த அம்மா: மத்தி இன்னும் கடலில் இருக்கும் பாஸ்தா! மீன் வாங்க முடியாத வீட்டுச் சமையல். நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் அவரே குனிந்து, ஆனால் அதில் அச்சியூகா கரைத்திருக்கிறது என்றார். கேட்காமலே சொன்ன ஒரே கடை. அதற்குப் பதில் அன்றைக்கென்று வைத்திருந்த மாக்கு கொண்டுவந்தார். காய்ந்த பெரிய அவரை மாதிரியான பயறை மணிக்கணக்கில் வேகவைத்துக் கடைந்து, சோம்புக்கீரை போட்டு, பச்சை ஆலிவ் எண்ணெயை மேலே சுற்றி ஊற்றியது. பருப்புக் கடைசலேதான். அவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஏங்க, சாதம் மட்டும் இருந்தா..." என்று நிறுத்தினாள். பன்னிரண்டு நாளில் அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்க்கவில்லை.

காப்பொனாத்தாவும் வாங்கினோம். கத்தரிக்காய், செலரி, ஆலிவ், கேப்பர், வினிகர், சர்க்கரை. புளிப்பும் இனிப்பும் சமமாக, சூடு ஆறித்தான் வரும். காலையில் செய்ததா என்று கேட்டோம். நேற்று என்றார் பெருமையாக. புளிக்குழம்பு வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

பில்: பாஸ்தா 10, மாக்கு 8, மகள் வாங்கிய வளையப் பாஸ்தா 9, காப்பொனாத்தா 5, மத்தியைச் சுருட்டி அடுப்பில் வைத்த பெக்காஃபீக்கோ 8, தண்ணீர் 2. ஆளுக்கு 2 வீதம் கொப்பெர்த்தோ 6. மொத்தம் 48 யூரோ. கொப்பெர்த்தோ என்பது மேசை விரிப்புக்கும் ரொட்டிக்கும் வாங்கும் காசு, ரொட்டியைத் தொடாவிட்டாலும் உண்டு. டிப்ஸ் எதிர்பார்க்கவில்லை. குறை சொல்லவேண்டுமென்றால், கழிப்பறைக்குச் சமையலறை வழியாகத்தான் போகவேண்டும். நான் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை, இரண்டு தடவை போனேன். பாத்திரங்கள் பளிச்.

இனிப்புக்கு ஒரே இடம் சொல்கிறேன். பெல்லீனி சதுக்கத்தில் சாந்தா கதரீனா மடம். பல மடங்களின் கன்னியாஸ்திரிகள் செய்துவந்த பலகாரங்களை அதே செய்முறையில் அங்கே விற்கிறார்கள். வாங்கிக்கொண்டு ஆரஞ்சு மரங்கள் நிற்கும் முற்றத்துக்குப் போய்விடலாம். கன்னோலி குழலுக்குள் செம்மறிப் பால் ரிக்கோத்தாவை நாம் கேட்ட பிறகுதான் அடைக்கிறார்கள். முன்பே அடைத்து வைத்திருக்கும் கடையில் வாங்காதீர்கள், குழல் நமுத்துப்போயிருக்கும். என் மனைவி நாலு நாளில் ஐந்து கன்னோலி சாப்பிட்டாள். ஐந்தாவது நாள் மகள் எங்கேயோ படித்துவிட்டு, அந்தக் குழல் மாவை வழக்கமாகப் பன்றிக் கொழுப்பு போட்டுத்தான் பிசைவார்கள் என்றாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "சாப்பிட்டது சாப்பிட்டதுதான். இனிமே வேண்டாம்" என்றாள் என் மனைவி. அப்புறம் மகளைப் பார்த்து, "ஊருக்குப் போனப்புறம் சொல்லியிருக்கலாம்ல?"

திரும்பி வந்து ஒரு மாதம் கழித்து, வீட்டில் பனெல்லே போட்டுப் பார்த்தோம். கடலை மாவைக் கரைத்து நான்தான் கிண்டினேன், பார்ஸ்லிக்குப் பதில் கொத்தமல்லி. எவர்சில்வர் தட்டில் மெழுகியது உரிந்து வரவில்லை, துண்டு துண்டாகப் பிய்ந்தது. பீங்கான் தட்டு வேண்டும்போலிருக்கிறது. பிய்ந்ததையெல்லாம் வழித்து உருட்டி எண்ணெயில் போட்டாள் என் மனைவி. ரஸ்கத்தூரே நன்றாக வந்தது.